விலாசம் கேட்டுப் போன வீடு

அக்காவின் மகள், என் பெறாமகள், போன கிழமை வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாள். இருந்த வீட்டை விற்றுவிட்டார்களாம். வீடு மாதிரி ஒரு பெரிய வாகனம் வாங்கி, புருசனும் பிள்ளையுமாக அதிலேயே நாடு முழுக்கச் சுற்றப்போகிறார்களாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தாயே வாகனத்துக்குள் வைத்துப் படிப்பிப்பாளாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதாம். ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தில், இதுதான் எங்கள் வீடு என்று ஒரு விலாசம் காட்ட வேண்டுமாம். ஒரு மாநிலத்தில் வருடா வருடம் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பார்களாம், இன்னொன்றில் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம், வேறொன்றில் ஏனென்று கேட்கவே ஆளில்லையாம்.

"எந்த விலாசத்தைப் போடுற சின்னம்மா?" என்று கேட்டாள்.

"ஆருட வீடு இரிக்கி?"

"என்ட கூட்டாளி ஒருத்தி தாறன் எண்டிரிக்கா. கேட்ட உடனே ஓம் எண்டுட்டா."

"ஏன் கேட்ட உடனே ஓம் எண்டவ?"

அவள் சிரித்தாள். "உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சிரிக்கட்டும். ஐம்பதைத் தாண்டிய என் வயசுக்காரிகளே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் முற்றத்தில் ஒரு புதுச் செருப்புக் கிடந்தாலும் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவோம். பெறாமகள் புதினமாகச் சொன்னாளே, வாகனத்தில் குடியிருப்பதும், தாயிடம் படிப்பதும், விலாசம் தேடி அலைவதும்? அதெல்லாம் நாங்கள் எப்போதோ செய்து முடித்த வேலை. அவளுடைய தாயே செய்தவள்தான்.

எங்கள் வீடு எரிந்து போன வருடம் அது. அம்மாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. செங்கலடிக்கு மேற்கே, வயல் ஓரத்தில் இருந்தது. யார் எரித்தார்கள் என்று இப்போதும் இரண்டு கதைகள் இருக்கின்றன, நான் இரண்டையும் நம்புவதில்லை. அகதி முகாமில் போய் இருக்க அப்பா சம்மதிக்கவில்லை. அவர் தண்ணீர் இறைக்கும் மிஷின்களும் உழவு மிஷின்களும் திருத்துகிறவர். அவரிடம் மரப் பெட்டி அடித்த ஒரு பழைய லொறி இருந்தது. அதற்குத் தகரக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் பலகைத் தட்டு அடித்து, "இதுதான் இனி வீடு, ஏறுங்க" என்றார். நாங்கள் நாலு பேர் ஏறினோம். அப்பா, அம்மா, பதினாறு வயது அக்கா, பத்து வயது நான்.

வேளாண்மைக் காலத்தில் எந்த வட்டையில் மிஷின் பழுதோ அந்த வயல்வெளிக்கு லொறி போகும். மற்றக் காலத்தில் களுவாஞ்சிக்குடியில் ஒரு தேங்காய் முதலாளியின் வளவில் நிற்கும். அந்த லொறியின் மணம் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. டீசல், ஈரச் சாக்கு, தயிர்ச் சட்டி, வாவிப் பக்கமிருந்து வரும் சேற்று வாடை எல்லாம் கலந்த மணம். சாப்பாட்டிலும் அதுதான், தலைமயிரிலும் அதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் என்னை மணந்து பார்த்துவிட்டு ஓடுவார்கள்.

பின்கதவின் உட்பக்கத்துக்கு அப்பா கறுப்புப் பெயின்ற் பூசிக் கொடுத்தார். அதுதான் எங்கள் கரும்பலகை. அம்மா ஒரு காலத்தில் தொண்டராசிரியையாக இருந்தவர். காலையில் கதவைச் சாத்திவிட்டு, தகர இடுக்கால் வரும் வெளிச்சத்தில் எங்களைப் படிப்பிப்பார். அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சைப் பாடம், எனக்கு வாய்ப்பாடு. கணக்குப் பிழைத்தால் குட்டு விழும். லொறி ஓடும்போது குட்டு தவறி பலகையில் விழும், அந்த நாட்களில் எனக்குக் கொண்டாட்டம்.

ஒருநாள் அக்கா அந்தக் கதவில் மட்டக்களப்பு வாவியை வரைந்தாள். வடக்கிலிருந்து தெற்கு வரை, பாலங்கள், துறைகள், ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைகள் எல்லாம் போட்டு, நீலச் சோக்கால் நிறமும் கொடுத்தாள். அவ்வளவு வடிவான படம். அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டாள். மறுநாள் சோதனைச் சாவடியில் பின்கதவைத் திறந்த ஆமிக்காரன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். "பாலம் ஏன் போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். "புள்ளைட பாடம் சேர்" என்று அப்பா நூறு தரம் சொல்லியிருப்பார். வெயிலில் பின்னேரம் வரைக்கும் நின்றோம். அப்பா தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் வாவி முழுவதையும் துடைத்த பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா எங்கள் நாட்டுப் படமே வரைய விடவில்லை. எங்களுக்கு ஆபிரிக்கா மட்டும்தான். நைல் நதியின் கிளையெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், வெட்கக்கேடு.

அக்கா கெட்டிக்காரி. அவள் அந்த வருடமே பரீட்சை எடுக்க வேண்டும் என்பதில் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். எடுக்காவிட்டால் கலியாணப் பேச்சு வந்துவிடும், இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து சண்டைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், இரண்டுக்கும் அம்மா பயந்தார். பள்ளிக்கூடம் போகாதபடியால் தனியார் பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். கிராம சேவகரை நாங்கள் விதானையார் என்றுதான் சொல்லுவோம். அவர் கடிதம் தர, அவருடைய ஊரில் ஒரு வீட்டு விலாசம் வேண்டும். லொறிக்கு நம்பர் இருக்கிறது, விலாசம் இல்லையே.

அப்போதுதான் அம்மாவும் அப்பாவும் எந்த ஊர் விலாசம் என்று தெரிவுசெய்ய உட்கார்ந்தார்கள். செங்கலடியில் அப்பாவின் அண்ணன், பெரியப்பா முறை, விலாசம் தரத் தயாராக இருந்தார். ஆனால் அங்கே புதிதாகப் பதிந்த ஆட்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஆமி முகாமுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். "குமர்ப்பிள்ளைய வெள்ளிக்கு வெள்ளி அங்க கூட்டிப் போகச் சொல்றியா?" என்று அப்பா கத்தினார். களுவாஞ்சிக்குடித் தேங்காய் முதலாளியும் ஓம் என்றார். அவர் மிகவும் இனிமையாக ஓம் என்றதால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அவருக்குப் பொஞ்சாதி செத்த தம்பி ஒருத்தர் இரிக்கார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

மிச்சமிருந்தது செட்டிபாளையம். அம்மா பிறந்த வீடு. அங்கே அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, இருந்தார். வீச்சு வலைக்காரரான அவருடைய புருசனும் இருந்தார். அவர்களுக்கு ஒரே மகன், எங்களுக்கு அண்ணன். அந்த ஊர் விதானையார் நல்ல மனிசன், முகாமுக்கெல்லாம் அலைக்க மாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: வீட்டுக்காரி வந்து ஒப்பம் வைக்க வேண்டும்.

நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். பெரியம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. அப்படியென்றால் அந்தத் தாய்வீடு பிறகு யாருக்கு என்று ஊரே எங்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது அம்மாவுக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

நாங்கள் போன அன்று பெரியம்மா இறால் பொரித்துத் தந்தார். வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மாமி வந்து எனக்கு ஒரு கொய்யாப்பழம் தந்துவிட்டுப் போனார். அந்த மாமியின் குசினி, பெரியம்மா வீட்டுப் பின்னறை யன்னலுக்கு நேரே இருந்தது. இரண்டு பேரும் இங்கிருந்து அங்கே உப்புக் கேட்டு, அங்கிருந்து இங்கே புளி கேட்டு, நாள் முழுக்கக் கதைப்பார்கள். பெரியம்மாவுக்கு அவர் உடன்பிறவாத தங்கச்சி.

சாப்பிட்டு முடிய அம்மா விசயத்தைச் சொன்னார். பெரியம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஒப்பம் வைக்க இப்ப ஏலா" என்றார்.

"ஏன் ஏலா? நாலு மாசத்து விசயம். புள்ள சோதினை எழுதினாச் சரி."

"கூரை ஒழுகுது..."

"கூரைக்கும் ஒப்பத்துக்கும் என்ன? நாங்க இஞ்ச வந்து படுக்கப் போறமா?"

"கொஞ்சம் பொறு. ஏன் எண்டு மட்டும் கேளாத" என்றார் பெரியம்மா.

அம்மா கேட்கவில்லை. எழும்பி வந்து லொறியில் ஏறினார்.  களுவாஞ்சிக்குடியில் இறங்கியதும் அப்பாவிடம், "வீடு போயிரும் எண்டு பயப்புடுறா. என்ட புள்ளைட பேர் பதிஞ்சா நாளைக்கு உரிமை கேட்டுருவம் எண்டு" என்றார். அப்பா, "சேச்சே, உன்ட அக்கா அப்படி இல்ல" என்றார். "உங்களுக்கு மிஷினைத்தான் தெரியும், பொம்பளையளைத் தெரியா" என்று அம்மா வாயை அடைத்துவிட்டார்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அண்ணன். நாங்கள் எப்போது போனாலும் அவர் இல்லை. "அண்ணன் எங்க பெரியம்மா?" என்றால் "இப்பதான் குளிக்கப் போனான்" என்பார். அடுத்த முறை, "இப்பதான் கடைக்குப் போனான்." ஒரு மனிசன் எத்தனை தரம் இப்பதான் போவான்? கொடியில் அவருடைய நீலக் கோடு போட்ட சேட் எப்போதும் காயும். கிட்டப்போய்ப் பார்த்தேன். வெயில் படுகிற தோள்பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. கழுத்துப்பட்டியில் ஒரு அழுக்கு இல்லை.

அடுத்த கிழமை அம்மா இன்னொரு முறை கேட்டுப் பார்க்கப் போனபோது நானும் போனேன். பெரியவர்கள் முன்பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்க, நான் மெதுவாகப் பின்னறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலில் பாய் இல்லை, தலையணை இல்லை. ஒரு நெல்மூட்டை இருந்தது. அண்ணனின் சைக்கிள் காற்றில்லாத ரயரோடு சுவரில் சாய்ந்து நின்றது. சீற்றில் தூசு. நான் விரலால் அதில் என் பெயரின் முதலெழுத்தை எழுதினேன். ஆள் இருக்கிற அறைக்கு ஒரு மணம் இருக்கும், வியர்வையோ எண்ணெயோ ஏதோ ஒன்று. அந்த அறையில் நெல் மட்டும்தான் மணத்தது.

திரும்பி வரும் வழியில், வெற்றிலையில் மை போட்டுக் குறி சொல்கிறவள் மாதிரி, எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்புவித்தேன். "அண்ணன் அங்க இல்லம்மா. கனநாளா இல்ல. அறை சும்மாதான் கிடக்கு."

நான் எதிர்பார்த்தது வேறு. அம்மா திடுக்கிட்டு, ஐயோ அண்ணன் எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன். அம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "சும்மா கிடக்கா? ஒரு முழு அறை சும்மா கிடக்கு. எங்களுக்குப் பேர் போட மட்டும் இடமில்லையா?" என்றார். அவர் கண்களில் தண்ணீர் வந்தது. வீடு எரிந்த அன்றுகூட அம்மா அழுது நான் பார்க்கவில்லை. தன் கூடப்பிறந்தவள் தன்னை வாசலில் வைத்துக் கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தார், பாவம். பெண்ணுக்கு வீடு என்று வழக்கம் இல்லாத ஊரில் பிறந்திருந்தால் அந்த நினைப்பு அவருக்கு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அம்மா விதானையாரின் கந்தோருக்குப் போனார். அக்காவும் நானும் கூடப் போனோம். சுவரோர வாங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிவாரண அட்டைக்கு வந்தவர்கள், பிறப்புப் பத்திரத்துக்கு வந்தவர்கள், ஒன்றுக்கும் வராமல் சும்மா இருந்த இரண்டு பேர். விதானையார் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வீட்டுக்காரி ஒப்பம் வைக்காம நான் எப்படிப் புள்ள எழுதுற? அந்த வீட்டில ஏற்கெனவே மூண்டு பேர். இடம் இல்ல எண்டு அவ சொன்னா என்ன செய்யிற?"

"இடம் இல்லயா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "அது நான் பொறந்த வீடு ஐயா. பின்னறை மாசக்கணக்கா சும்மா கிடக்கு. மகன் இஞ்ச இல்ல. கட்டில்ல நெல்லு மூட்டை படுத்துக் கிடக்கு. என்ட புள்ளைட பேருக்கு இடமில்லயாம்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விதானையார் பேனையை எடுத்தார். "சரி சரி, நீ மெல்லக் கதை" என்றார். வேகமாக, நிமிராமல், கடிதத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மா வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். சும்மா இருந்த இரண்டு பேரில் ஒருவரின் இடம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆமிக்காரர் பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள். நேரே பின்னறைக்குத்தான் போனார்கள். ஒரே கேள்விதான். "மகன் எங்க?"

அண்ணன் காட்டுக்குப் போய் ஏழு மாதம். ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்துக்கு. அந்த ஏழு மாதமும் பெரியம்மா தினம் ஒரு சேட்டைத் தோய்த்துக் கொடியில் போட்டு, ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்து, இப்பதான் போனான், இப்பதான் போனான் என்று சொல்லியே அந்த வீட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறார். எங்களுக்காக விதானையாரிடம் ஒப்பம் வைக்கப் போனால் வீட்டில் யார் யார் என்று எழுதுவார்கள், எழுதினால் ஆளைக் காட்டச் சொல்லுவார்கள். அதுதான் அந்தக் கேளாத ஏன்.

மகன் இல்லை என்றதும் தகப்பனைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வர ஒன்பது மாதம் ஆனது. வந்த பிறகு அவருடைய வலக்கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. வீச்சு வலையை எறிய அந்தக் கைதான் வேண்டும். வலை பின்னறையில், சைக்கிளுக்குப் பக்கத்தில், இற்றுப்போகும் வரை தொங்கியது. அண்ணன் வரவே இல்லை.

பிடித்துக்கொண்டு போன செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். பெரியம்மா முற்றத்து மண்ணில் கிடந்து அழுதார். அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆர் சொன்னது, ஆர் காட்டிக் கொடுத்தது" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்து வேலிப்பக்கம் பார்த்தார். "அந்த அறை அவட குசினிக்குத்தானே தெரியும். வேற ஆருக்குத் தெரியும்? என்ட கையால சோறு திண்டவள். அவதான். பாழ்படுவாள், அவதான்!"

வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு மாமி நிற்பது எனக்குத் தெரிந்தது. கையில் தண்ணீர்ச் செம்பு. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார். மாமி செம்பைக் கொண்டு திரும்பிப் போனார். அன்று பின்னேரமே பெரியம்மா வேலிப் பொட்டை முள்ளு வைத்து அடைத்தார்.

அக்காவின் பரீட்சை அனுமதி அட்டை அந்த வீட்டு விலாசத்துக்குத்தானே வரும்? அம்மா தினமும் தபால் கந்தோர் வாசலில் காத்துக் கிடந்து தபால்காரரின் கையிலேயே வாங்கினார். அக்கா எழுதினாள். நல்ல பெறுபேறு. பிறகு ஆசிரியையானாள். எந்த விலாசம் போட்டுப் பரீட்சை எடுத்தாள் என்று பெரியம்மா கேட்டபோது அம்மா "செங்கலடி" என்று சொன்னார். சாகும் வரை அம்மா அதை மாற்றவில்லை. லொறியைப் பிறகு பழைய இரும்புக்கு உடைத்தார்கள். பின்கதவை மட்டுமாவது வாங்கி வைத்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதையெல்லாம் பெறாமகளுக்கு நான் சொன்னதில்லை. அவளுடைய தாய் படித்ததால்தான் அவள் அங்கே இருக்கிறாள். எதைச் சொல்வது?

இரண்டு வருடத்துக்கு முன் பெரியம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. அவர் புருசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் தனி. மகள் இருந்தால் மகள் பார்ப்பாள். மகள் இல்லை, எனவே அக்கா பார்த்தாள். அன்றைக்கு நானும் கூடப் போனேன். ஆசுபத்திரிப் பதிவு மேசையில் இருந்த இளம் பெட்டை இரண்டு பேரின் அடையாள அட்டையையும் கேட்டாள். அக்கா மாற்றாமலே வைத்திருந்த பழைய அட்டை, பதினாறு வயதுப் படத்தோடு.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்தானே? தாயும் மகளுமா?" என்று பெட்டை சத்தமாகக் கேட்டாள்.

அக்காவின் கை மேசையில் அப்படியே நின்றது.

"ஓம்" என்றார் பெரியம்மா. "ஒரே வீடுதான்."

வாங்கில் வந்து உட்கார்ந்தோம். பெரியம்மா இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்து விரலால் தடவினார். பிறகு அக்காவைப் பார்க்காமல் கேட்டார். "என்ட ஒப்பம் இல்லாம விதானையார் எழுத மாட்டாரே. உங்கட அம்மா என்ன சொல்லி எழுதுவிச்சவ?"

அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா உயிரோடு இல்லை, கையைப் பிடித்து அழுத்த யாரும் இல்லை.

"அறை சும்மா கிடக்கு எண்டு பெரியம்மா" என்றேன். "நான்தான் அம்மாட்டச் சொன்ன."

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார், எழும்பிப் போவார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சேலைத் தலைப்பால் பார்வை மங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுக்காரி செத்து எத்தனை வருசம் புள்ள?"

"ஏழு வருசம், பெரியம்மா."

"செத்த வீட்டுக்கும் நான் போகல்லையே" என்றார்.